தோல் ஷாப் நாற்றம் என்றார்கள்

திண்டுக்கல்லில் பழைய சின்னக் கார் வைத்திருப்பவரிடம் வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. காலையில் தள்ளினால்தான் வண்டி கிளம்பும். அது கோளாறு இல்லை, வண்டியின் சுபாவம். இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் ஹாரன் அடிக்கும், அது பழகிவிட்டது. மூன்றாவது கியர் விழ மறுக்கும்; கம்பியை ஒரு தட்டுத் தட்ட வேண்டும், தட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வீட்டு மாப்பிள்ளையின் முன்கோபத்தை அனுசரித்துப் போவது போல ஒவ்வொன்றையும் அனுசரித்து, வெளியே தெரியாமல் மூடி வைத்து வாழ்கிறார்கள். கைக்குழந்தையோடு அப்படி ஒரு வண்டியில் போய் வந்தவள் நான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறேன். பிள்ளைக்குத் தன் சொந்த ஊர்க் கோயிலில்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. அந்த ஊர் ஆத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆசை அவருடையது, விடுப்பு கிடைக்காததும் அவருக்குத்தான். ஆகவே பல் முளைக்கும் பருவத்தில் இருந்த அருளைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் வந்தேன். திண்டுக்கல் நாகல் நகரில் அவருடைய அண்ணன் வீட்டில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். என் அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு நேரே கோயிலுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த அண்ணனை நான் அத்தான் என்பேன். அத்தானுக்கு வெங்காயப் பேட்டையில் கமிஷன் கடை. சின்ன வெங்காயம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் அவர்தான். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி. "டாக்டர் வச்சிருந்த வண்டிம்மா, பூப்போல வச்சிருந்திருக்காரு" என்று வியாழக்கிழமை காலை என்னிடம் சொன்னார். அப்போது வண்டியின் பின்னால் அவருடைய கடை ஆட்கள் இருவரும், லூர்து அக்காவும், தெருவில் போன ஒரு பால்காரரும் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா, அத்தானின் மனைவி.

எதிர் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டார்கள். பள்ளியில் எனக்கு ஒரு சௌராஷ்டிரத் தோழி உண்டு, அதனால் ஓரளவு புரியும். "மஸ்கட் பொண்ணு வந்திருக்கு, இன்னைக்கு வண்டி சீக்கிரம் கிளம்பிரும் பாரு" என்றாள் ஒருத்தி. "மஸ்கட்ல பெட்ரோல் மலிவுதான், தள்ளுறதுக்கு ஆளு மலிவா என்ன?" என்றாள் மற்றவள். நான் சிரிக்காமல் இருக்க அருளின் குல்லாயைச் சரிசெய்தேன்.

உட்காருவதில் ஒரு முறை இருந்தது. தம்பி மனைவி, கணவரின் அண்ணனான மூத்தார் பக்கத்தில் உட்காரக் கூடாது. ஆகவே எனக்குப் பின்சீட்டு. என்னைத் தனியாக விடலாகாது என்று அக்காவுக்கும் பின்சீட்டு. முன்சீட்டில் அத்தானின் தோல்பை உட்கார்ந்து வந்தது. அந்த சீட்டின் பூட்டு பிடிக்காது, பிரேக் போட்டால் முன்னால் ஓடிவிடும் என்பதால் அக்கா எப்போதுமே பின்னால்தானாம். பின்கண்ணாடிகளை இறக்கும் கைப்பிடி ஒன்றுதான் மிச்சம். தேவைப்பட்டால் கழற்றி இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். டிக்கிக் கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பிய்ந்து வால் போலத் தொங்கியது. இதெல்லாம் எனக்கு ஒரு பட்டிக்காட்டுக் கல்யாண வீடு மாதிரி வேடிக்கையாகத்தான் இருந்தது, முதல் நாள்.

மணிக்கூண்டுப் பக்கம் போய் ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை வாங்கினோம். சீரகச் சம்பா பிரியாணி சாப்பிட்டோம். அரிசி சின்னது, கறித்துண்டு சின்னது, ஆனால் இலையை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. அருளுக்குச் சிறுமலை வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தேன். திரும்பும்போது வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் தூங்கிவிட்டான். மஸ்கட்டில் அவனைத் தூங்க வைக்க நான் வீடு முழுவதும் நடப்பேன்.

"பாத்தியா? தொட்டில்ல போட்ட மாதிரி. இந்த வண்டியில ஏறுனா எந்தப் பிள்ளையும் தூங்கிரும்" என்றார் அத்தான், கண்ணாடியில் பார்த்து.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனோம். வத்தலக்குண்டு ரோட்டில் தோல் பதனிடும் இடங்கள் இருக்கின்றன. ஊரில் அவற்றைத் தோல் ஷாப் என்கிறார்கள். அந்த நாற்றம் புதிதாக வருகிறவரின் வயிற்றைப் புரட்டிவிடும். திண்டுக்கல்காரர்களுக்கு அதற்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸானாலும் காரானாலும் அந்த இடம் வருமுன் ஒருவர் குரல் கொடுப்பார், எல்லோரும் கண்ணாடியை மூடுவார்கள், பேச்சை நிறுத்துவார்கள், முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அத்தான் குரல் கொடுத்தார். அக்கா கைப்பிடியை எடுத்து என் பக்கக் கண்ணாடியை ஏற்றினார், பிறகு கழற்றித் தன் பக்கத்தையும் ஏற்றினார். அத்தானும் ஏற்றினார். அந்த இடத்தைத் தாண்டியதும் அவர் மட்டும் தன் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். எங்களுடையது ஏறியபடியே இருந்தது. யார் திரும்பத் திரும்பக் கைப்பிடியை மாற்றிக்கொண்டிருப்பது?

நான் மஸ்கட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பரீட்சையில் தேறாமல் நிற்பவள். ஆனாலும் பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள். செம்பட்டி நெருங்கும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டில் போய் நின்றதைப் பார்த்தேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். ஓட்டுகிறவருக்குத் தெரியாதா? நேற்று வந்தவள் நான். பிறகு சொன்னேன்.

"அத்தான், முள்ளு சிவப்புல நிக்குது."

"அந்த முள்ளு பொய் சொல்லும்மா. அது அப்படித்தான்."

முள் உண்மை சொன்னது. செம்பட்டிக்கு முன்னால் வண்டியின் மூக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. அத்தான் ஓரமாக நிறுத்தினார். நான் அருளைத் தூக்கிக்கொண்டு புளியமர நிழலுக்குப் போனேன். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அத்தான் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அது அருளின் தண்ணீர். விடியற்காலையில் எழுந்து கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி, பாட்டிலில் கொண்டு வந்த தண்ணீர்.

"அத்தான், அது பிள்ளைக்குப் பால் கரைக்க!"

"அப்படியா? நல்ல தண்ணியா இருக்கேன்னு பாத்தேன். போர்த் தண்ணிய ஊத்தி ஊத்தித்தான் உப்படைச்சுக் கெடக்கு. நல்லதாப் போச்சு, இன்னிக்காவது நல்ல தண்ணி குடிக்கட்டும்" என்றார், குதிரைக்குப் பரிவு காட்டுகிறவர் மாதிரி.

அருள் பசியில் அலறினான். சாலையோர டீக்கடைக்காரம்மாதான் பால் சட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் வைத்துக் கொதிக்க விட்டார். "ஆம்பளைகளுக்கு வண்டி ஒரு பிள்ளை. அது அழுதாத்தான் காது கேக்கும்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கோயிலில் பங்குச் சாமியார் இளைஞராக இருந்தார். ஞானத்தாய் யார் என்று கேட்டார். அக்கா என்றேன். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம், நேரத்துக்கு வந்துவிடுங்கள், மதியம் எனக்கு இன்னொரு ஊர் இருக்கிறது என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அவருக்குப் பிள்ளை இல்லை. ஞானத்தாயாக அருளைக் கையில் ஏந்தி நிற்பதற்கு ஒரு பட்டுச் சேலையை எடுத்து வைத்திருப்பதாக வரும் வழியில் சொன்னார். சொல்லிக்கொண்டே நெற்றியைத் தேய்த்தார். எனக்கும் தலை கனத்தது. வெயில் என்று நினைத்தேன்.

மாலையில் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டபோது நானும் கூடப் போனேன். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, பார்த்தார்கள். வண்டிக்கு அடியிலிருந்து டபடபவென்று சத்தம் வருவதையும், உள்ளே ஒரு வாடை அடிப்பதையும் சொன்னேன். மெக்கானிக் எனக்குப் பதில் சொல்லாமல் அத்தானிடம் சொன்னார்.

"சைலன்சர்ல ஓட்டை விழுந்திருக்குண்ணே. தகரத்தைச் சுத்திக் கம்பி போட்டுக் கட்டித்தான விட்டிருக்கேன். சத்தம் கேக்கத்தான் செய்யும். தங்கச்சி வெளிநாட்டுல ஏசி வண்டியில போயிப் பழகிருச்சு."

"புகை உள்ளே வராதா?" என்றேன்.

"பின்னாடி ஓட்டை, பின்னாடி போயிரும். முன்னாடி போற வண்டிக்குள்ள எப்படிம்மா வரும்?"

கேட்பதற்கு நியாயமாக இருந்தது. முன்கண்ணாடியில் புகைச் சோதனை செய்ததற்கான ஸ்டிக்கர் வேறு புத்தம் புதிதாக ஒட்டியிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். அத்தான் சிரித்தார். "அதெல்லாம் ஆர்.சி. புக்கைக் காமிச்சாப் போதும், எழுதிக் குடுத்துருவாங்க. அதுக்குப் போயி வண்டியை இம்புட்டு தூரம் ஓட்டணுமா?"

மஸ்கட்டில் பழைய வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகிற நாள் வந்தால் என் கணவர் பரீட்சைக்குப் போகும் பையன் மாதிரி ராத்திரி தூங்க மாட்டார். டயர் தேய்ந்திருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை நான் கெடுபிடி என்று திட்டியிருக்கிறேன். இனித் திட்ட மாட்டேன்.

சனிக்கிழமை சித்தையன்கோட்டைக்குப் போனோம். அங்கே என் கணவரின் அத்தை ஒருவர் இருக்கிறார், நேரில் அழைக்காவிட்டால் வர மாட்டார். நாட்டுக்கோழிக் குழம்பும் பணியாரமும் செய்து வைத்திருந்தார். "வெஞ்சனத்தைத் தொடாம வெறும் சோத்தைத் திங்குறாளே, பிள்ளை பெத்தவ இப்படியா திம்பா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே போட்டார். எனக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்லை. அருள் வரும் வழியெல்லாம் தூங்கி, இறங்கியதும் ஒருமுறை கக்கினான். பல் முளைக்கிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புறப்படும்போது அத்தான் அங்கே ஒரு தோட்டக்காரரிடம் வெங்காய மூட்டைகளை வாங்கி டிக்கியில் திணித்தார். கதவு மூடவில்லை. பாதி திறந்தபடி கயிறு போட்டுக் கட்டினார். வண்டி கிளம்பியது. அருள் என் மடியில் உடனே கண் மூடினான். அத்தான் முன்னால் முழங்கையை வெளியே போட்டு ஏதோ பாடிக்கொண்டு வந்தார்.

ஊரைத் தாண்டிச் சற்று தூரம்தான் வந்திருப்போம்.

"சீ, தோல் ஷாப் நாத்தம் இங்க வரைக்கும் வருதே" என்று அக்கா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

நான் வெளியே பார்த்தேன். ஒரு பக்கம் வாழைத்தோப்பு, ஒரு பக்கம் பச்சை வயல். தோல் ஷாப்புக்கு இன்னும் செம்பட்டி தாண்டி வெகுதூரம் போக வேண்டும்.

அப்போதுதான் பாடப் புத்தகத்தின் ஒரு வரி எனக்கு நினைவு வந்தது. டிக்கிக் கதவைத் திறந்துவைத்து வண்டி ஓட்டாதே, ஓடும் வண்டி தன் புகையைத் தானே உள்ளே இழுக்கும். பரீட்சையில் கேட்காத கேள்வி என்று தாண்டிப் போன வரி. உடனே நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நான் படித்தது பெரிய வண்டிகளுக்கோ? மூட்டையை இறக்கச் சொன்னால் அத்தான் என்ன நினைப்பார்? வெங்காய வாடையாக இருக்குமோ? செம்பட்டி தாண்டியும் வெகுதூரம் இப்படியே எனக்குள் வழக்காடிக்கொண்டு வந்தேன். தலை பிளந்தது. கண்ணுக்குள் ஒளி குத்தியது. குனிந்து அருளின் கையைத் தூக்கினேன். விட்டேன். அது நனைந்த துணி போல விழுந்தது.

கன்னத்தைத் தட்டினேன். காதைக் கிள்ளினேன். பாதத்தைச் சுரண்டினேன். எழவில்லை.

"அத்தான், வண்டியை நிறுத்துங்க! பிள்ளை முழிக்க மாட்டேங்குறான்!"

"செத்த நேரம் பொறும்மா, தோல் ஷாப் வந்துருச்சு. இங்க நிறுத்துனா நாறும். தாண்டிட்டு நிறுத்துறேன்" என்று சொல்லியபடி அவர் தன் கண்ணாடியையும் ஏற்றினார்.

ஓடுகிற வண்டியில் நான் கதவைத் திறந்தேன். அக்கா வீறிட்டார். அத்தான் பிரேக்கை மிதித்தார். முன்சீட்டு தோல்பையோடு ஓடிப்போய் முட்டியது. நான் அருளைத் தூக்கிக்கொண்டு சாலையோரத்துக்கு ஓடினேன். அந்த ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற நாற்றத்தில், என் பிள்ளையின் முகத்தைக் காற்றுக்குத் திருப்பிப் பிடித்து, மூச்சை இழு, இழு என்று கெஞ்சினேன். அவன் ஒருமுறை விக்கினான். கக்கினான். பிறகு அழுதான். அப்படி ஒரு அழுகையை நான் வாழ்நாளில் இனிக் கேட்க வேண்டாம், ஆனால் அதைவிட இனிமையாக எதையும் கேட்டதும் இல்லை.

"பசி மயக்கம்" என்றார் அத்தான், முகம் வெளிறி. "நான்தான் சொன்னேன்ல, அங்கேயே பால் குடுத்திருக்கணும்."

ஆட்டோ பிடித்து ஒரு டாக்டரிடம் போனேன். அதற்குள் அருள் என் தாலிச் செயினைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். டாக்டர் பார்த்துவிட்டு வெயில் என்றார். கார்ப் புகை என்று நான் சொன்னதும், "புகையெல்லாம் எங்கம்மா, கார்லதான் வந்திருக்கீங்க, லாரியிலயா?" என்றார். வீட்டில் அக்கா மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டு, கண் பட்டிருக்கிறது என்று முடித்துவைத்தார். பால்காரர் வண்டி தள்ளும்போது பிள்ளையை உற்றுப் பார்த்தாராம்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கணவரிடம் பேசினேன். முழுவதும் கேட்டார். பிறகு, "நீ பயந்துட்ட. அண்ணன் பாத்துதான் ஓட்டுவாரு. அவரு மனசு கோணாம நாளைக்கு ஒரு நாள் சமாளிச்சிரு" என்றார். பிள்ளை சமாளிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். நான் ரிசீவரை வைத்துவிட்டேன். வைத்த பிறகு, கொஞ்சம் மரியாதையாக வைத்திருக்கலாமோ என்று தோன்றியது. தோன்றட்டும்.

ஞாயிறு காலை எல்லோரும் தயார். அக்கா அரக்குப் பட்டில் இருந்தார். வண்டியைத் துடைத்து, மூக்கில் ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தார்கள். டிக்கியில் மூட்டைகள் அப்படியே இருந்தன. இறக்க நேரமில்லையாம், திங்கட்கிழமை பேட்டைக்குத்தான் போகிறதாம். அத்தான் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் பஸ்ல வாரேன் அத்தான்" என்றேன். திண்டுக்கல் பேச்சு எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"என்னது?"

"அருளை இந்த வண்டியில ஏத்த மாட்டேன்."

தெரு பார்த்தது. எதிர்வீட்டுப் பெண்கள் சௌராஷ்டிரத்தில்கூட ஒன்றும் பேசவில்லை. அத்தானின் கழுத்து சிவந்தது. "ஞானஸ்நானத்துக்குப் போற பிள்ளை பஸ்ல தொங்கிட்டுப் போறதா? நேரத்துக்குப் போய்ச் சேருமா? சாமியார் எந்திரிச்சுப் போயிட்டா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

"அவ்வளவு படிச்சவளா இருந்தா நீயே போ. லூர்து, நீ ஏறு."

அக்கா என்னைப் பார்த்தார், அருளைப் பார்த்தார். பிறகு ஏறினார்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரு கீரைக்காரம்மா தன் கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். கம்பியில்லாத ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அறைந்தது. அருள் தூங்கவில்லை. வழி நெடுகக் கண்டக்டரின் விசிலைப் பிடுங்கப் பார்த்தான். செம்பட்டியில் பஸ் நின்றுவிட்டது, ஆள் ஏற வேண்டுமாம். சாமியார் போய்விடுவாரோ, அத்தான் சொன்னது பலித்துவிடுமோ என்று எனக்கு வியர்த்தது. ஞானஸ்நானம் தட்டிப்போனால் இந்தக் குடும்பத்தில் என் பெயர் என்னவாகும் என்று நினைத்தேன். எது ஆனாலும் ஆகட்டும், பிள்ளை முழித்திருக்கிறான் என்றும் நினைத்தேன்.

கோயிலை அடைந்தபோது பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. என் அப்பாவும் அம்மாவும் வாசலிலேயே நின்றார்கள். சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஞானத்தாய் எங்கே?" என்றார்.

அப்போதுதான் கார் வந்தது. வழியில் கிளட்ச் கம்பி அறுந்து, கட்டிக்கொண்டு வந்தார்களாம். பின்கதவு திறந்தது. அக்கா இறங்கி இரண்டடி வைத்தார். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். அரக்குப் பட்டோடு மடங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

நான் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன். அம்மா தண்ணீர் கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல ஸ்டெல்லா" என்றார் அக்கா மூச்சு வாங்க. "ஞாயித்துக்கிழமையானா எனக்கு இப்படித்தான். மண்டையைப் பிளக்கும், கண்ணை இருட்டும். பூசையில நன்மை வாங்கணும்னு வெறும் வயித்தோட வாரேன்ல, அதனாலதான்."

"எத்தனை நாளா அக்கா?"

"வண்டி வாங்குன வருசத்துல இருந்து இருக்கும். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்துல ரொம்ப இருக்கும், அப்ப ஊர் ஊராக் கோயிலுக்குப் போவோம்ல. நான் யாருகிட்டயும் சொல்லல. ஆண்டவரோட பாடுகளுக்காக ஒப்புக்குடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். தொங்கும் கயிற்றையும், பாதி திறந்த டிக்கிக் கதவையும், அதன் கீழே கம்பி சுற்றிய குழாயையும் பார்த்தார்.

அங்கே எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை இல்லை. ஒரு பெண்பிள்ளை சைலன்சர் ஓட்டையை ஆண்டவர் தந்த சிலுவை என்று வருடக்கணக்காகச் சுமந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து ஒருவர் முழங்கையைக் காற்றில் நீட்டிப் பாடிக்கொண்டு போயிருக்கிறார். கெட்டவரும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

சாமியார் நல்லவர். "மதிய ஊர் காத்திருக்கும், அந்தம்மா எந்திரிக்கட்டும்" என்றார். காற்றில் சற்று நேரம் இருந்தபின் அக்காவுக்கு நிறம் திரும்பியது. முகம் கழுவி, பட்டை உதறி, அருளை வாங்கிக்கொண்டார். தலையில் தண்ணீர் விழுந்ததும் அவன் கோபுரம் அதிர அழுதான். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

சாப்பாடு கோயில் பின்னால் பந்தலில். பிரியாணியும் தால்சாவும். எல்லாம் முடிந்து புறப்படும்போது அத்தான் மறுபடி பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் இவகூடப் பஸ்ல வாரேன்" என்றார் அக்கா.

"கார் இருக்கையில பஸ்ஸா? ஊர் என்ன சொல்லும்?"

"என்ன சொல்லும்? பஸ்ல போறான்னு சொல்லும்."

பந்தலில் சிரிப்பு கிளம்பியது. டெம்போ ஓட்டுகிற சின்னப்பன் மாமா, "அப்ப எடம் காலிதான அப்பு? நான் வாரேன்" என்று முன்னால் வந்தார். வந்தவர் கார் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து பார்த்துவிட்டு, "பின்னாடியா? வேணாம்யா, எனக்கு இன்னும் மக கல்யாணம் இருக்கு" என்றார்.

சிரிப்பு பெரிதானது. அத்தான் சிரிக்கவில்லை. ஆனாலும் நான் சொன்னேன்.

"அத்தான், ஒரே ஒரு தடவை மாமாவை ஓட்டச் சொல்லிட்டு நீங்க பின்னாடி உக்காந்து வாங்க. ஒண்ணும் இல்லைன்னா நாளைக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

அவர் வீம்புக்காரர். சாவியைச் சின்னப்பன் மாமா மேல் எறிந்தார். பின்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

நாங்கள் வீட்டுக்கு வந்து, அருளைக் குளிப்பாட்டி, பாயில் விட்ட பிறகுதான் கார் வந்தது. அத்தான் இறங்கிக் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன வெயிலு" என்றார்.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அக்கா எழுந்து போனார். தன் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, டம்ளர் தண்ணீரோடு வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"எதுக்கு இது?"

"தலைவலிக்கு."

"எனக்குத் தலைவலின்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல" என்றார் அக்கா. "நானுந்தான் இத்தனை வருசமா யாருகிட்டயும் சொல்லல."

அத்தான் மாத்திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.